அரிசிப் பெட்டியில் புதைத்த மருந்து

1

எழுதுவதற்கு நான் தகுந்தவன் அல்ல. மல்லசமுத்திரத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கடிதம் எழுதினாலும் நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் கை ஓடாது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பர்தான் இந்த மாதப் பத்திரிகையை நம் பக்கத்து மக்களுக்காக நடத்தி வருகிறார். அக்கரைச் சீமையைப் பற்றி நாலு பக்கம் எழுது என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் போய் உட்காருவது முறையல்ல என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது துணிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எடுத்தவுடன் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த ஐப்பசியோடு பதினாறு வருடம் ஆகிறது. மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருக்கிறேன். கிராணி என்றால் இங்கே எழுத்து வேலை பார்க்கிறவர். பால் வெட்டும் கத்தி, பால் வாளி, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றன. துப்பாக்கி மருந்தும் என் பொறுப்புதான். ஸ்டோர் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. இடுப்பில் அது படுகிற இடத்தில் தோல் கறுத்துப்போய்விட்டது.

2

இந்த ஊர் ஈரத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நம் பக்கம் சித்திரை மாதத்தில் வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு முகம் கழுவித் திரும்பினால் காய்ந்திருக்கும். இங்கே மூன்றாம் நாள் எடுத்துக் கட்டினாலும் இடுப்பு சில்லிடும். உப்பு ஜாடியைத் திறந்தால் பாதி தண்ணீராக இருக்கும். தோல் செருப்பை ஒரு வாரம் போடாமல் விட்டால் பச்சைப் பூசணம் பூக்கும். தீக்குச்சியை உரசினால் தலை மட்டும் நசுங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். சித்தப்பாவின் கடிதங்களை ஒரு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். மை கசிந்து ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி பாவாயி ராசிபுரத்துப் பக்கத்துக்காரி. வந்த புதிதில் அப்பளம் சுட்டு வைத்துவிட்டு அழுதேவிட்டாள்.

"ஏனுங்க, இது என்ன ஊருங்க? சுட்ட அப்பளம் வட்டலுக்கு வாரதுக்குள்ள ஈரத்துணியாட்டம் தொங்குதே!"

இந்த ஈரத்தில்தான் நான் மருந்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. புதிதாக நட்ட ரப்பர் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் வேரோடு தோண்டிப் போடும். அவற்றை விரட்டத் துரையிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. கடையில் விற்கும் தோட்டாக்கள் விலை அதிகம். அதனால் சுட்ட பித்தளைத் தோட்டாக்களையே மறுபடி நிரப்புவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலையை நான் செய்வேன். அடியில் தீப்பொறி கொடுக்கும் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய கேப்பு வைத்து, மருந்து, தக்கை, ஈய ரவை, மறுபடி தக்கை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடைக்க வேண்டும். பேச்சில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

மருந்துக்குப் போலீஸ் டேசனில் தனி அனுமதிச்சீட்டும் தனிப் புத்தகமும் உண்டு. வந்தது, செலவானது, இருப்பு என்று புத்தகத்தில் மூன்று பத்திகள் இருக்கும். கெட்டுப்போனது என்று ஒரு பத்தி கிடையாது. அந்தச் சீட்டை அச்சடித்தவர் மருந்து கெட்டுப்போகும் என்றே நினைக்கவில்லை.

ஒரு தடவை டேசன் எழுத்தர் வந்து இருப்பைத் தராசில் நிறுத்தார். புத்தகத்தில் இருந்ததைவிட இரண்டு அவுன்ஸ் கூடுதலாக இருந்தது. குறைந்தால் திருட்டு என்பார்கள். கூடினால் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்கய்யா காய்ச்சுனே? கள்ள மருந்தா?" என்று கேட்டார்.

மருந்து காற்றிலிருக்கும் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு அவுன்ஸும் தண்ணீர்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தராசு சரியில்லை என்று அவராகவே எழுதிக்கொண்டு, இன்னொரு தடவை இப்படி இருந்தால் விசாரணைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பயத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். மருந்து இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில் வந்தது. காலையில் தகரத்தின் மேல் வியர்வைபோல் தண்ணீர் நிற்கும். அந்த ஈரம்தான் உள்ளே போகிறது என்று நினைத்தேன். ஊரில் சித்தப்பா கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் மருந்தைக் காய்ந்த சுரைக்குடுக்கையில் போட்டு, கம்புக் குதிருக்குள் கழுத்து வரை புதைத்து வைப்போம். எந்த மழையிலும் கெட்டதில்லை. பாவாயி ஊரிலிருந்து விதையோடு கொண்டுவந்த ஒரு குடுக்கை இருந்தது. டப்பாவிலிருந்த மருந்தை அதற்கு மாற்றி, சோளச்சக்கையால் அடைத்து, ஸ்டோரில் இருந்த அரிசிப் பெட்டிக்குள் புதைத்தேன். ஊர் வழக்கம் ஒன்று இந்தச் சீமையில் உதவுகிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

நம் கம்பு பாறையில் காய்ந்து சலசலக்கும் கம்பு. இங்கே வரும் அரிசி கப்பலிலும் படகிலும் ஈரம் குடித்து வருகிற அரிசி. சித்தப்பா குடுக்கையைப் புதைக்கும் முன்னால் நாலு கம்பை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடைந்தால்தான் புதைப்பார். நான் அரிசியைக் கடித்துப் பார்க்கவில்லை.

3

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். என்னை வளர்த்தது சித்தப்பாதான். எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பத்தடி மண், அதற்குக் கீழே பாறை. சுற்றுவட்டாரத்தில் பாறைக்கு வேட்டு வைக்க சித்தப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சேலத்துக்கு நடந்து போய், அஸ்தம்பட்டிப் பக்கத்து ஆபீசில் காத்துக்கிடந்து லைசென்சு வாங்கி வருவார்.

வேட்டுக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. திரி எரிந்து முடிந்தும் குழி வெடிக்காவிட்டால் அதைப் பேசாத குழி என்பார்கள். பேசாத குழி இருக்கும் கிணற்றின் மேட்டில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். மறுநாள் உச்சி வெயில் ஏறும் வரை யாரும் இறங்கக் கூடாது. திரியில் குற்றம் என்றால் நெருப்பு பாதியிலேயே செத்திருக்கும். மருந்தில் ஈரம் என்றால் நெருப்பு உள்ளே புகைந்துகொண்டிருக்கும். எப்போது பேசும் என்று சொல்ல முடியாது.

எனக்கு அப்போது இருபது வயது. ஐப்பசி மாதம். பக்கத்துக் காட்டுக் கிணற்றில் வேலை. வீட்டிலிருந்து குடுக்கையை எடுத்துவர என்னை அனுப்பினார். வரும் வழியில் தூறல் பிடித்தது. குடுக்கையை மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். வேப்பமரத்தடியில் நின்று பார்த்தபோது அடைப்பு நழுவியிருந்தது. உள்ளே விரலை விட்டேன். மருந்து நனைந்த கேழ்வரகுபோல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். பத்துப் பேர் முன்னால் திட்டியிருப்பார். அவ்வளவுதான். நான் குடுக்கையை வேட்டியில் துடைத்து, அடைப்பை அழுத்தி, அவர் கையில் கொடுத்தேன்.

மூன்று குழிகளில் இரண்டு வெடித்தன. மூன்றாவது புஸ்ஸென்று கொஞ்சம் புகை விட்டதோடு சரி. சித்தப்பா முறைப்படி சிவப்புத் துணியைக் கட்டினார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கிணற்றுக்காரர் பரபரத்தார்.

"மழை எறங்கிப்போட்டா கெணறு ரொம்பிக்குமுங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு வேலையில்ல. திரியாத்தானுங்க இருக்கும்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். "மருந்து நல்லாத்தான இருந்துது சாமி?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப திரிதானுங்க," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். குழிக்குப் பக்கத்தில் குனிவதற்குள் அது பேசியது. இடது கண்ணும் வலது கையில் இரண்டு விரலும் போயின. கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தபோதும் அவர் திரி செய்தவனைத்தான் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் திரிக்காரனிடம் யாரும் திரி வாங்கவில்லை. அவன் ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மறுவருடம் மலாய்த் தோட்டங்களுக்கு ஆள்கட்ட வந்த கங்காணியிடம் நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன். பிழைக்கப் போகிறான் என்று ஊரில் நினைத்தார்கள். கண் போன பக்கம் தெரியாதபடி உட்கார்ந்து சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க அதற்கு மேலும் என்னால் முடியவில்லை.

4

இந்த ஆடியில் ஒரு கடிதம் வந்தது. சித்தப்பா சொல்லச் சொல்ல, இந்தப் பத்திரிகை நண்பர்தான் எழுதியிருந்தார். மற்றக் கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். "வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே ஒரு நடை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்" என்று இருந்தது. அந்த வரியில் மை பரவவில்லை.

பதினாறு வருடத்தில் நான் லீவு கேட்டதில்லை. கேட்பதற்கு மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன். துரை உடனே சரி என்றார். மூன்று மாதம் லீவு. பினாங்கிலிருந்து வெள்ளிக்கிழமை கப்பல். வியாழக்கிழமை மாலை தோட்டத்து லாரி ரயிலடிக்குப் போகும்போது நாங்களும் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. மருந்து இருப்பு சரியாக இருக்கிறது என்று டேசனில் சீட்டு வாங்கி, சாவியை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஸ்டோர் கிராணி தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது.

பாவாயி டிரங்குப் பெட்டியைத் துடைத்து உள்ளே வேப்பிலை போட்டாள். என் மகள் ருக்குவுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். சோற்றை நாசி என்பாள், மலாய்க்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து. எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் அவள் பேச்சில் நம் பக்கத்து "ஏனுங்க" ஒட்டாது.

"அங்க மழையே பெய்யாதாமே. ஆறு இருக்கா?" என்று கேட்டாள்.

"திருமணிமுத்தாறு இருக்கு சாமி. மழை பேஞ்சா தண்ணி வரும்."

"பெய்யலன்னா?"

"மணலு இருக்கும்."

"அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்கப்பா. நான் டீச்சர் வீட்ல இருந்துக்கறேன்."

பாவாயி அவளை அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். மணலைப் பார்க்க யார்தான் கப்பலேறுவார்கள்?

செவ்வாய்க்கிழமை, டேசன் எழுத்தர் வருவதற்கு முந்தைய நாள், புதைத்த பிறகு தோட்டா நிரப்ப வேண்டி வராததால் தொடாமல் வைத்திருந்த குடுக்கையை அரிசிப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தேன். எடுக்கும்போதே கனமாக இருந்தது. சாய்த்தபோது மருந்து ஓடி வரவில்லை. கட்டியாக விழுந்தது. கறுத்து மினுமினுக்க வேண்டிய மணிகள் மங்கிக் கிடந்தன. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மருந்தில் கலந்திருக்கும் வெடியுப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவந்தால் அப்படிப் பூக்கும். பூத்தால் அந்த மருந்து முடிந்தது. சித்தப்பாவாக இருந்தால் அந்த இடத்திலேயே தண்ணீரில் கொட்டியிருப்பார்.

தண்ணீரில் கொட்டினால் புத்தகத்தில் இருப்பு இல்லை. இருப்பு இல்லை என்றால் விசாரணை. விசாரணை என்றால் கப்பல் இல்லை. கொட்டாமல் அப்படியே நிறுத்தாலும் எடை கூடும். அதற்கும் விசாரணைதான். ஸ்டோருக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அன்று அதிசயமாக வெயில் அடித்தது. ஒரு துணியில் மருந்தைப் பரப்பி ஸ்டோருக்குப் பின்னால் நாள் முழுவதும் காயவைத்தேன். சாயங்காலம் கட்டிகள் தாமாக உதிர்ந்துவிட்டன. மணிபோல் இருந்தது பாதி தூளாகிவிட்டது. ஆனால் பார்வைக்குக் கறுப்பாக, மருந்தாக இருந்தது. பழைய தகர டப்பாவில் போட்டு மூடினேன். புதன்கிழமை எழுத்தர் வந்து நிறுத்தார். எடை சரியாக இருந்தது.

"இந்தத் தடவ ஒழுங்கா வச்சிருக்கே," என்று சொல்லிச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு பகலும் ஒரு இரவும்தான் பாக்கி.

5

வியாழக்கிழமை காலையில் துரை ஸ்டோருக்கு வந்தார். புதுக் கன்றுக் காட்டில் ராத்திரி பன்றி புகுந்து நூறு கன்றுக்கு மேல் போய்விட்டதாம். மத்தியானம் லாலான் என்கிற உயரமான காட்டுப் புல்லுக்குள்ளிருந்து ஆட்களை வைத்து விரட்டப் போவதாகச் சொன்னார்.

"கிராணி, போறதுக்கு முன்னாலே பத்துத் தோட்டா போட்டுக் குடு," என்றார். துரைக்குத் தமிழ் வரும், மரியாதைதான் வராது.

வேறு மருந்து இல்லை. நிரப்பினேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. மருந்து, தக்கை, ரவை, தக்கை.

தோட்டா வாங்க வந்தவர் காவல்காரர் சென்னிமலை. ஆட்டையாம்பட்டிக்காரர். தறி ஓடாமல் இங்கே வந்தவர். துரைக்கு அடுத்தபடி துப்பாக்கியைத் தொட அவருக்குத்தான் அனுமதி. நான் பேசாததையும் சேர்த்து அவர் பேசுவார்.

"ஏனுங்க கிராணியாரே, மாப்பிள்ளையாட்டம் சட்டையெல்லாம் போட்டிருக்கறீங்க! கப்பல்ல பொண்ணு கிண்ணு பாக்கறாங்களா?"

"சும்மா இருங்க சென்னி."

"வாரப்ப எங்கூரு முறுக்கு ஒரு தகரம் கொண்டாங்க. எம்பொண்டாட்டி சுடற முறுக்கக் கடிச்சா பல்லுக்குச் சத்தமே இல்ல, பழைய செருப்பாட்டம் இருக்குது. அவள குத்தம் சொல்லக் கூடாது. இந்த ஊருல எதுதான் நமத்துப்போகல?"

"இங்க வாரதுக்குள்ள அதும் நமத்துரும்."

"அப்ப நீங்களே தின்னுபோட்டு, எப்பிடி நொறுங்குச்சுன்னு வந்து சொல்லுங்க. காதாலயாச்சும் தின்னுக்கறேன்."

சிரித்துக்கொண்டே தோட்டாக்களை இடுப்புப் பையில் எண்ணிப் போட்டார். கடைசித் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்.

"மருந்து நல்லாருக்குதுங்களா?"

பதினேழு வருடம், ஒரு கடல். அதே கேள்வி. என் கை சட்டைப் பையிலிருந்த சீட்டின் மேல் போயிற்று. நான் தலையாட்டினேன்.

அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்து சாவி ஒப்படைக்கும் காகிதத்தை எழுத ஆரம்பித்தேன். நல்ல மருந்தில்லாவிட்டால் என்ன, சுடாமல் போகும், பன்றி தப்பித்துப் போகும், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்றுக் காடு ஸ்டோரிலிருந்து ஒரு பர்லாங்கு இருக்கும். விரட்டுகிறவர்கள் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வெடி.

அந்தத் துப்பாக்கியின் சத்தம் எனக்குத் தெரியும். மரங்களில் மோதி இரண்டு தடவை திரும்பி வரும். இது திரும்பி வரவில்லை. தேங்காய் மட்டை சேற்றில் விழுந்ததுபோல் பொத்தென்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படிச் சத்தம் வந்தால் மருந்துக்கு ரவையை வெளியே தள்ளப் பலம் போதவில்லை என்று அர்த்தம். தக்கையும் ரவையும் குழலுக்குள் பாதி வழியில் நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அடைபட்ட குழல் வெடிக்கும். துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பார் சென்னிமலை.

நான் ஓடினேன். சாவி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. பால் வாளிகள் காலில் பட்டு உருண்டன. இத்தனை வருடத்தில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை.

"சுடாதீங்க! சென்னி, சுடாதீங்க! குழலு அடைச்சிருக்குது! மருந்து நமத்தது, மருந்து நமத்ததுங்க!"

கன்றுக் காட்டின் ஓரத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் சென்னிமலை இரண்டாவது தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடி, தோளுக்கு ஏற்றியிருந்தார். புல் அசைந்துகொண்டிருந்தது. என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அது என் குரல் என்று நம்ப முடியாமல்தான் திரும்பியதாகப் பிறகு சொன்னார். அதற்குள் இரண்டு பன்றிகள் புல்லிலிருந்து பாய்ந்து எங்களைக் கடந்து ஓடிவிட்டன.

துரை கோபத்தில் சிவந்துபோனார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் காட்டினேன். தோட்டாவை எடுத்துவிட்டு, சுத்தம் செய்யும் கம்பியை மேலிருந்து விட்டார்கள். பாதி தூரம் போனதும் தடுத்து நின்றது. துரை கம்பியில் அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்துப் பார்த்தார். சென்னிமலை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"கிராணி, உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியுமுங்க தொரை."

"எப்போ இருந்து?"

"செவ்வாக்கெழம இருந்து."

எல்லாவற்றையும் சொன்னேன். குடுக்கை, அரிசி, வெள்ளைப் பூப்பு, வெயிலில் காயவைத்தது, சீட்டு வாங்கியது. விரட்டப் போன ஆட்களும் வந்து சுற்றி நின்று கேட்டார்கள். நான் அவ்வளவு பேசியதில்லை. தடைபடாமல் வந்தது. முடித்தபோது துரை கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் முத்திரை கரைந்திருந்தது.

திரும்பி நடக்கும்போது சென்னிமலை என்னோடு வந்தார்.

"நாங் கேட்டனுங்களே," என்றார். "கேட்டனா இல்லையா?"

"கேட்டீங்க."

"நீங்க தலையாட்டுனீங்க."

"ஆமாங்க."

"ஏனுங்க?"

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பிரியும் வழியில் அவர் நின்று, பையிலிருந்த ஒன்பது தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

6

லாரி நாங்கள் இல்லாமலே ரயிலடிக்குப் போயிற்று. கெட்ட மருந்துக்குச் சீட்டு வாங்கியதற்கு டேசனில் விசாரணை நடக்கும், அது முடியும் வரை தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது. சாவியை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. விசாரணை முடியும் வரை ஸ்டோர் இருப்புக்கு நானே பொறுப்பாம்.

பாவாயி டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவருகிட்ட காத்தாலயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? டேசன்காரங்கிட்ட இல்ல, சென்னிகிட்ட?"

ருக்கு டீச்சர் வீட்டுக்குப் போகக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "மணல் ஆத்துக்கு எப்பப்பா போவீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை சாமி என்றேன்.

முதலில் ஒரு காரணம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான். சித்தப்பாவிடம் நேரில் போய்ச் சொல்வதற்காகத்தான் லீவு கேட்டேன். இனி நான் போவதற்குள் அவர் கண்ணில் வெளிச்சம் இருக்குமோ என்னவோ. இந்தப் பத்திரிகை வந்ததும் நண்பர் அவர் வீட்டுக்குப் போய் முழுவதும் வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் கேட்கட்டும். அன்றைக்கும் நாலு பேர் முன்னால்தான் நான் தலையாட்டினேன்.

சித்தப்பா, திரி நன்றாகத்தான் இருந்தது. மருந்துதான் நனைந்திருந்தது. என் மடியில் நனைந்தது. நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியும். அந்தத் திரிக்காரர் ஆத்தூர்ப் பக்கம் உயிரோடு இருந்தால் அவருக்கும் இதை யாராவது சொல்லுங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டேசனிலிருந்து எழுத்தரும் இன்னொருவரும் வந்தார்கள். மருந்தை மறுபடி நிறுத்தார்கள். வியாழக்கிழமை இரவு பெய்த மழையில் டப்பா மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. தோட்டாக்களுக்குப் போட்டதைக் கழித்துப் பார்த்தால் எடை அரை அவுன்ஸ் கூடியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு மருந்தைக் கால்வாய்த் தண்ணீரில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். மணி பத்து, கப்பல் புறப்படும் நேரம் என்று பாவாயி சொன்னாள். நான் அரிசிப் பெட்டியைக் காலி செய்து கழுவி வெளியே காயவைத்தேன். பதினொரு மணிக்கு மழை வந்தது. உள்ளே எடுத்து வைத்தேன்.